நாக்கு எதைக் கேட்கிறது?

(கோவையில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கோவையில் எந்த முச்சந்தியில் நின்றாலும் ஒரு தள்ளுவண்டி கண்ணில் படும். பெரிய வட்டக்கல், அதன் நடுவே செக்கச்செவேலென்று கொதிக்கும் மசாலா, ஓரமாகக் குவித்துவைத்த பொரித்த உருண்டைகள், அவற்றைக் கரண்டியால் குத்திக் குத்தி உடைக்கும் சத்தம். மேலே பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவித் தட்டை நீட்டுவார்கள். நம் ஊர்க் காளான். வெளியூரில் படிக்கிற பிள்ளைகள் லீவுக்கு வந்தால் வீட்டுக்குள் பையை வைத்ததும் ஓடுவது அந்த வண்டிக்குத்தான்.

ஆசையாகச் சாப்பிடுகிற பண்டங்களுக்கு உடம்பைக் கெடுக்காத வீட்டு மாற்று என்ன என்று பேசச் சொன்னார்கள். நான் மேடை ஏறும்போதே ஓர் அக்கா, “காளான் திங்காதீங்கன்னு சொல்றதுக்குத்தானுங்க வந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டார். இல்லீங்க அக்கா. ஆசைப்பட்டதைத் தின்னாதே என்று சொல்லி யாரும் திருந்தியதாக நான் பார்த்ததில்லை. ரகசியமாகத் தின்பார்கள், அவ்வளவுதான்.

நான் மனையியல் படித்தவள், அதையே சொல்லிக்கொடுத்தவள். 1957-இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. ராஜம்மாள் தேவதாஸ் போன்றவர்கள் ஊட்டச்சத்து என்ற பாடத்தை ஆய்வகத்தோடு நிறுத்தாமல் சமையற்கட்டுக்கும் பள்ளிக்கூடச் சத்துணவுக்கும் கொண்டுவந்த ஊர். அந்த வழியில் வந்தவர்கள் ஒரு பண்டத்தைப் பார்த்ததும் முதலில் கேட்கும் கேள்வி, இதில் நாக்கு எதைக் கேட்கிறது என்பதுதான். ஒவ்வொரு பண்டத்திலும் நாக்கு நிஜமாகக் கேட்பது ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் கூடவே ஒட்டிக்கொண்டு வருவது. கேட்டதைக் கொடுத்துவிட்டால், ஒட்டிக்கொண்டு வருவதைக் கழற்றிவிடலாம். நான் இன்றைக்குச் சொல்லப்போவது முழுக்க இந்தக் கழற்றும் வேலையைப் பற்றித்தான்.

காளானையே எடுத்துக்கொள்வோம். வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரும்பாலும் அதில் முட்டைக்கோசுதான் அதிகம். பொடியாக நறுக்கிய கோசு, கொஞ்சம் காளான், சில வண்டிகளில் அந்தக் கொஞ்சமும் இல்லை. அதோடு மைதா, கார்ன்ஃப்ளார், மிளகாய்த்தூள், கலர் பொடி. உருட்டி எண்ணெயில் பொரித்து, பிறகு கல்லில் மசாலாத் தண்ணீர் ஊற்றி உடைத்துக் கொதிக்கவிடுகிறார்கள். கோசு இருப்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோசு நல்ல காய். அந்தத் தட்டில் சண்டை போட வேண்டியது பொரிக்கிற எண்ணெயோடும் கலர் பொடியோடும்தான். ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் கேடான சேர்மங்கள் சேர்ந்துகொண்டே போகும். அவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து விதி வைத்திருக்கிறது. வண்டியில் அதை அளக்க யார் வருகிறார்கள்? கலர் விஷயத்தில் பக்கத்து மாநிலம் முந்திக்கொண்டது. 2024 மார்ச்சில் கர்நாடகம் கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்க்கத் தடை போட்டது. கோபி மஞ்சூரியனும் நம் காளானும் அண்ணன் தம்பிகள்.

சரி, அந்தத் தட்டில் நாக்கு கேட்பது எதை? சூடு. மிளகுக் காரம். வெளியே கொஞ்சம் முறுகலாகவும் உள்ளே குழைந்தும் உடைகிற பதம். கடைசியாகப் பல்லில் படும் பச்சை வெங்காயம். இந்த நான்கில் ஒன்றுக்குக்கூட எண்ணெய்ச் சட்டி அவசியமில்லை.

வீட்டில் குழிப்பணியாரக் கல் இருக்கிறதல்லவா? கோசையும் காளானையும் சரிபாதியாகப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் முதலில் காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் இல்லாமல் போட்டு, அது விடும் தண்ணீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டால் உருண்டை கொழகொழவென்று ஆகிவிடும், அப்புறம் வீட்டுச் சமையலே இப்படித்தான் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஆறியதும் கோசு, கடலைமாவு, கொஞ்சம் அரிசிமாவு, இஞ்சி பூண்டு, மிளகு, உப்பு சேர்த்துப் பிசைந்து, குழிக்கு அரை ஸ்பூன் எண்ணெய் விட்டுத் திருப்பிப் போட்டு எடுங்கள். தோசைக்கல்லில் வெங்காயம், தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய் விழுது வதக்கித் தண்ணீர் விட்டு, கெட்டியாவதற்குக் கார்ன்ஃப்ளாருக்குப் பதில் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவைக் கரைத்து ஊற்றுங்கள். உருண்டைகளைப் போட்டுக் கரண்டியால் உடையுங்கள். உடைக்கும் சத்தம் முக்கியம், பிள்ளைகள் அடுப்படிக்கு வருவார்கள். சிவப்பு வேண்டுமென்றால் விதை எடுத்த காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்தால் போதும். அஜினமோட்டோவைப் பூதமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் காளானிலும் தக்காளியிலும் அந்த ருசி இயற்கையாகவே இருக்கும்போது அதைத் தனியாக வாங்கிக் கொட்ட வேண்டிய தேவையும் இல்லை.

இதில் கோவைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்படவும் இடமிருக்கிறது. மொட்டுக் காளானுக்குக் குளிர் வேண்டும், அதனால் அது ஊட்டிப் பக்கம் விளைந்தது. சமவெளியின் வெக்கையில் 30, 35 டிகிரியில் தாராளமாக வளர்வது பால் காளான். அதில் ‘ஏபிகே 2’ என்ற ரகத்தை 1998-இல் வெளியிட்டது நம் மருதமலை ரோட்டில் இருக்கிற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். வெள்ளையாக, தடித்த தண்டோடு, இரண்டு மூன்று நாள் வாடாமல் நிற்கும். காளானை ஆராய்கிற பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் காளான் இல்லாத காளானைத் தின்கிறோம்!

அடுத்தது பரோட்டா. பலரும் என்னிடம் கோதுமைப் பரோட்டா செய்முறை கேட்பார்கள். நான் சொல்லிக்கொடுப்பதில்லை. பரோட்டாவின் அடுக்கு வருவதே மைதாவின் இழுவையாலும், வீசி மடிக்கும்போது தடவுகிற எண்ணெயாலும்தான். இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு மொத்தமான சப்பாத்தி. அதைப் பரோட்டா என்று சொல்லிப் பிள்ளையை ஏமாற்றினால் அது ஒரு தடவைதான் ஏமாறும். மைதாவில் 100 கிராமுக்கு மூன்று கிராம்கூட நார்ச்சத்து இல்லை, முழுக்கோதுமை மாவில் 11 கிராமுக்கு மேல் இருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் பரோட்டாவைக் கடையிலேயே, எப்போதாவது, நல்ல கடையாகப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்றே சொல்வேன்.

ஆனால் பரோட்டாப் பிரியர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். “இன்னுங்கொஞ்சம் சால்னா ஊத்துங்க” என்று எத்தனை தடவை கேட்கிறார்கள்! பாதி ஆசை சால்னாமேல்தான். சால்னாவை வீட்டில் செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. சோம்பு, பட்டை, கல்பாசி, சின்ன வெங்காயம், தக்காளி, கொஞ்சம் தேங்காயும் பொட்டுக்கடலையும் சேர்த்து அரைத்த விழுது. மேலே எண்ணெய் மிதக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் தொட்டுச் சாப்பிட முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்ட கம்பு அடையோ ராகி அடையோ போடுங்கள். அடையை வேண்டாமென்று சொல்கிற பிள்ளைகூட சால்னாவில் ஊறியதை வழித்துத் தின்னும்.

சில்லி சிக்கனுக்கு மாற்றுத் தேடி நாம் எங்கேயும் போக வேண்டியதில்லை. காவிரிக்கு அந்தக் கரையில் பள்ளிபாளையம் இருக்கிறது. பள்ளிபாளையம் சிக்கனில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்: கோழி, சின்ன வெங்காயம், விதை நீக்கிய காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், மஞ்சள், கறிவேப்பிலை, உப்பு. மைதாப் பூச்சு இல்லை, கலர் இல்லை, மசாலாப் பொடிகூட இல்லை. சிவப்பும் காரமும் மிளகாயே கொடுக்கிறது. ஓட்டலில் அதற்கு எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார்கள். வீட்டில் அரைக் கிலோ கறிக்கு இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ போதும். கறி தன் தண்ணீரிலேயே வெந்து சுண்ட வேண்டும், பொறுமையாகச் சிறு தீயில் விட வேண்டும். சாயப்பொடியில் புரட்டிப் பொரித்த துண்டுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நாக்கே சொல்லும்.

இனி நம் வீடுகளின் ராஜாவுக்கு வருகிறேன், அரிசிம்பருப்பு. மழை பெய்தால் அரிசிம்பருப்பு. காய் இல்லாவிட்டால் அரிசிம்பருப்பு. ஊருக்குப் போய்க் களைத்துத் திரும்பினால் அரிசிம்பருப்பு. மருமகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பதும் அதுதான், மகன் கல்யாணத்துக்கு முன்னால் தனியாக இருந்தபோது ஆக்கத் தெரிந்த ஒன்றும் அதுதான். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு, தக்காளி, மஞ்சள் போட்டு அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாக வேகவைத்து, மேலே ஒரு கரண்டி நெய். இதற்கு மாற்று வேண்டும் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்கு வருவேன்.

மாற்ற வேண்டியது அளவைத்தான். பெரும்பாலான வீடுகளில் நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு. 100 கிராம் அரிசியில் சுமார் 8 கிராம் புரதம், 25 கிராம் துவரம்பருப்பில் 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஆக மொத்தம் 13. அதே எடைக்கு அரிசியை 75 கிராமாகக் குறைத்துப் பருப்பை 50 ஆக்கினால் புரதம் 17-க்குப் பக்கத்தில் போகிறது, அரிசி கால் பங்கு குறைகிறது. ருசி குறையுமா? பருப்பு கூடினால் ருசி கூடத்தான் செய்யும். நம் முன்னோர் பருப்பைக் குறைத்துப் போட்டது ருசிக்காக இல்லை, விலைக்காக. அரிசியில் குறைவாக இருக்கிற லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது. அதனால் இரண்டும் சேர்ந்தால்தான் புரதம் முழுமையாகிறது. மார்கழி, தை மாதங்களில் பச்சை அவரையும் மொச்சையும் சந்தைக்கு வரும்போது ஒரு கைப்பிடி அதிலேயே போட்டுவிடுங்கள். மற்ற நாட்களில் தட்டைப்பயறு. அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் சுடுங்கள். நெய்யை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கரண்டியைக் கொஞ்சம் சின்னதாக்கினால் போதும்.

கொள்ளைப் பற்றி இந்த ஊரில் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொள்ளுப் பருப்பு கடைசல், வேகவைத்த தண்ணீரில் கொள்ளு ரசம். 100 கிராம் கொள்ளில் 21 கிராமுக்கு மேல் புரதம், 8 கிராமுக்கு மேல் இரும்புச்சத்து என்று ஒரு துண்டுப் பிரசுரத்தில் படித்துச் சிரித்தேன். அது மில்லிகிராம். கொள்ளு தின்றால் கொழுப்பு கரையும் என்ற பேச்சை நம்பி மூன்று வேளை அரிசிச் சோற்றோடு ஒரு கிண்ணம் ரசம் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். கொள்ளு உருக்குவதில்லை. வயிறு நிறையவைத்து அடுத்த கரண்டிச் சோற்றைத் தடுக்கிறது. அதுவே பெரிய உதவி.

பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் அதிகம் புலம்புவது மூன்று நிமிட நூடுல்ஸைப் பற்றி. அந்தக் கட்டி பெரும்பாலும் பாமாயிலில் பொரித்தெடுத்த மைதா, உள்ளே இருக்கிற பொட்டலத்தில் உப்பு ஏராளம். பிள்ளை கேட்பது என்ன? இழை இழையாக உறிஞ்சித் தின்ன வேண்டும், காரசாரமாக இருக்க வேண்டும். ஐயா, இழை பிழிவதில் நம்மை மிஞ்ச ஆள் உண்டா? நம் வீட்டில் சந்தகை இருக்கிறது! புழுங்கலரிசியை ஊறவைத்து அரைத்து, இட்டிலியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் மூன்று கால் வைத்த அச்சில் போட்டுப் பிழிகிறோம். முழுக்க ஆவியில் வெந்தது, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. நாம் அதை எலுமிச்சம்பழச் சந்தகையாகவும் தேங்காய்ப்பால் சந்தகையாகவும் நிறுத்திக்கொண்டோம். கேரட், பீன்ஸ், குடைமிளகாய், முட்டை, மிளகுத்தூள் போட்டுக் கல்லில் ஒரு புரட்டுப் புரட்டுங்கள். அரிசியில் மூன்றில் ஒரு பங்குக்கு ராகி மாவைக் கலந்து பிழியலாம். ராகியை முழுக்கப் போட்டால் இழை அறுந்துபோகும்.

ராகி, கம்பு என்றதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததிலிருந்து இந்தப் பக்கம் எல்லா ஓட்டலிலும் ஒரு சிறுதானியத் தோசை வந்துவிட்டது. நல்ல விஷயம். ஆனால் நம் அப்பத்தாமார் கம்பைப் பெருமைக்காகத் தின்னவில்லை. காங்கயம், பல்லடம், தாராபுரம் பக்கம் மேட்டாங்காட்டில் விளைந்தது அதுதான். நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும். அவர்கள் ஏங்கித் தின்ற பண்டம் இன்றைக்கு நமக்கு அன்றாடமாகிவிட்ட வெள்ளைச் சோறு! 1955-இல் பவானிசாகர் அணை, பிறகு பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால், ரேஷன் அரிசி என்று வந்து அந்த ஏக்கம் தீர்ந்தது. ஏக்கம் தீர்ந்ததில் தப்பு ஒன்றுமில்லை. காலையில் ஏர் ஓட்டி, மத்தியானம் கவலையில் தண்ணீர் இறைத்து, சாயங்காலம் மாட்டுக்குத் தட்டு அறுத்த உடம்புக்கு எவ்வளவு சோறு போட்டாலும் எரிந்துவிடும். நாம் உட்கார்ந்திருக்கிறோம். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் நாட்டில் வயது வந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும் என்று பேசுகிறவர்கள் பழைய வேலையையும் திரும்பக் கொண்டுவருவார்களா என்று கேட்கத் தோன்றும்.

கம்பில் சிறப்பு இல்லை என்று சொல்லவில்லை. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு மூன்று கிராமுக்கும் குறைவான நார், கம்பில் 11-க்கு மேல். கால்சியத்தில் ராகிக்கு இணையான தானியம் இல்லை, 364 மில்லிகிராம். அரிசியில் அது எட்டைக்கூடத் தொடவில்லை. ஆனால் இந்த எண்களை எல்லாம் கெடுக்க நமக்கு வழி தெரியும். நைசாக அரைத்துக் கூழாக்கிக் குடித்தால் எந்தத் தானியமும் சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பருவெட்டாக உடைத்துச் சோறாக்கினால் மெதுவாக ஏறும். கம்மஞ்சோறு என்று அப்பத்தா செய்தது இந்த இரண்டாவது வகை. தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, புடைத்து, குருணையாக உடைத்துத் துழாவி, உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டுவைத்து, மறுநாள் மோரில் கரைத்து, சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கடித்துக்கொண்டு. இன்றைக்கு உரல் வேண்டாம், மிக்சியில் விட்டுவிட்டு ஓட்டினால் குருணை வந்துவிடும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். கம்பில் கொழுப்புச் சத்து ஐந்து விழுக்காட்டுக்கு மேல். அரைத்த மாவு சில நாளிலேயே காறல் அடித்துக் கசந்துவிடும். கம்பு கசக்கிறது என்று சொல்லும் பிள்ளைகள் பலரும் கடையில் பாக்கெட்டில் கிடந்து பழசான மாவைத் தின்றவர்கள். தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு ஆவதை மட்டும் மாவு மில்லில் கொடுத்து அரையுங்கள்.

இனிப்புக்கு வருகிறேன். இங்கே சிலர் என்னோடு கோபித்துக்கொள்ளலாம். “நாங்க வெள்ளைச் சக்கரையே தொடறதில்லீங்க, கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரைதான்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். கவுந்தப்பாடிச் சர்க்கரைக்கு மணம் உண்டு, பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் போகிறது. நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் 100 கிராம் வெல்லத்தில் கிட்டத்தட்ட 85 கிராம் சர்க்கரைதான். கொஞ்சம் இரும்புச்சத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இரும்புக்காக யாரும் வெல்லம் தின்ன வேண்டாம், ஒரு பிடி முருங்கைக்கீரை போதும். சர்க்கரை நோய்க்காரருக்கு நாட்டுச்சர்க்கரைப் பாயசம் பரிமாறுவது அன்பு இல்லை. சேர்க்கிற சர்க்கரையை நாளைக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் டீயிலேயே 40 கிராம் முடிந்துவிடுகிறது. கச்சாயத்தையும் ஒப்பிட்டையும் பழிப்பதற்கு முன்னால் டீயைப் பாருங்கள். கச்சாயம் நோம்பிக்கு வருவது. டீ தினமும் நாலு தடவை வருவது.

இதில் நம் ஊருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1912-இல் கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். அங்கே பார்பர், வெங்கடராமன் என்ற விஞ்ஞானிகள் ஒட்டுச்சேர்த்து உருவாக்கிய ‘கோ 205’ 1918-இல் வெளிவந்தது. அதற்குப் பிறகு ‘கோ’ என்று பெயர் வைத்த கரும்புகள்தான் வடநாட்டு வயல்களை நிரப்பின. இந்தியாவுக்கே இனிப்பு ஊட்டிய ஊரில் நின்றுகொண்டு சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

மைசூர்பாவுக்கு மாற்று சொல்லச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. மாற்று இல்லை. 1948 முதல் இந்த ஊரில் அந்தப் பெயரோடு ஒரு கடையும் ஒரு ருசியும் வளர்ந்திருக்கின்றன. அதில் நாக்கு கேட்பதே நெய்யும் சர்க்கரையும்தான், கழற்றிவிட வேறு எதுவும் இல்லை. ராகியில் செய்கிறேன், சர்க்கரை இல்லாமல் செய்கிறேன் என்று மெனக்கெட்டு அதைக் கெடுக்க வேண்டாம். ஒரு துண்டை இரண்டு பேர் பகிர்ந்து, மெதுவாகக் கரையவிட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் தினப்படிக்கு இனிப்பு ஆசை வந்தால் சின்ன எள்ளுருண்டையோ, சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கோ இருக்கட்டும். பேக்கரி பப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும் நேரம் நாலரை மணி. அந்த நேரத்துக்கு அவித்த நிலக்கடலை கையில் இருந்தால் பாதிப் பேர் பேக்கரிக்குள் நுழைய மாட்டார்கள். பசிதான் அங்கே இழுத்துக்கொண்டு போகிறது.

எண்ணெய் பற்றி இரண்டு வார்த்தை. மரச்செக்கு எண்ணெய்க்கு மணம் இருக்கிறது, அதற்காக வாங்குங்கள். ஆனால் செக்கில் ஆட்டினாலும் மில்லில் ஆட்டினாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரிதான். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவரின் ஒரு நாள் 2000 கலோரித் தட்டுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று வைத்திருக்கிறது. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர், நெய்யும் அதற்குள்தான். புதுக் கேனைத் திறக்கும்போது தேதியை அதன்மேல் எழுதிவையுங்கள். காலியாகும் நாளில் கணக்கு தானாகத் தெரிந்துவிடும், யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, நான் இவ்வளவு நேரமும் சொன்னதையெல்லாம் செய்யப் போவது யார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டுச் சமையலைப் புகழ்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வீடு வருகிற பெண்ணிடம் போய்ப் பரோட்டா பார்சல் வாங்காதே, சந்தகை பிழி என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவருக்கு நான் சொல்லக்கூடியது குக்கரில் ஒரே பாத்திரமாக அரிசிம்பருப்பு, பருப்பைக் கூட்டிப் போடுங்கள், அதோடு இரண்டு அவித்த முட்டை. அதுவே அந்த ராத்திரிக்கு ஏகத்துக்கும் போதும்.

மற்ற வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். சந்தகை பிழிய எப்போதும் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சூட்டோடு இட்டிலியை அச்சில் வைக்க, ஒருவர் தம் பிடித்து அழுத்த. அழுத்துகிற கை ஆணின் கையாக இருக்கட்டும். கம்பைக் கல் பார்த்து மாவு மில்லுக்குக் கொண்டுபோவது, காளானை வதக்கித் தண்ணீர் சுண்டவைப்பது, நிலக்கடலை அவிப்பது, இதிலெல்லாம் கைப்பக்குவம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இங்கே பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அண்ணன்மார்கள் யாருக்கும் இது முடியாத வேலை இல்லை. “எனக்கு அடுப்புப் பக்கமே பழக்கமில்லீங்க” என்கிறவர்கள், காளான் வண்டியில் கரண்டி பிடித்து நிற்பவர் யாரென்று ஒருதரம் நினைத்துப் பாருங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் மட்டும் பருப்பு, பயறு அளவைக் கூட்டுவதற்கு முன்னால் உங்கள் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு மாத்திரை, ஊசி எடுக்கிறவர்கள் சோற்றைத் திடீரென்று பாதியாகக் குறைக்க வேண்டாம், மருந்தின் அளவையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டியிருக்கும். இன்னும் நாலைந்து சீட்டுகள் கையில் இருக்கின்றன. ராகி சேர்த்த சந்தகை இழை ஏன் அறுகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.